தாய்லாந்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக், ரயோங், சோன்புரி பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சித்திரைக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்பும்போது டிக்கெட் விலையையும் பெட்டியின் எடையையும் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பெரிய நஷ்டங்களோ திரும்பி வரும் வழியில் காத்திருக்கின்றன: காலாவதியான விசா, முத்திரையில் தவறான தேதி, முடங்கிய வங்கிச் செயலி. அதனால் இங்கே எல்லாக் கேள்விகளையும் திரும்பி வரும் நாளை மனதில் வைத்தே பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் இந்திய பாஸ்போர்ட்டில் வேலை விசாவோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பொருந்தும் பதில்கள் இவை.

எத்தனை நாள் முன்பே தயாராக ஆரம்பிக்க வேண்டும்?

ஆறு வாரம். முதல் நாளே பாஸ்போர்ட்டைத் திறந்து மூன்று தேதிகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட் காலாவதி, தாய்லாந்தில் தங்க அனுமதித்திருக்கும் கடைசி நாள், அடுத்த 90 நாள் அறிக்கைக்கான (வெளிநாட்டவர் தங்கும் முகவரியை 90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்குத் தெரிவிப்பது) நாள். இந்த மூன்றில் ஒன்று உங்கள் பயணத்துக்குள்ளோ, திரும்பிய இரண்டு வாரத்துக்குள்ளோ விழுந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

ஏப்ரலில் கிளம்புபவர்களுக்கு இன்னும் கூடுதல் அவசரம். 6ஆம் தேதி சக்ரி அரச வம்ச நாள், 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான். நம் சித்திரை முதல் நாளும் சொங்க்ரானும் ஒரே சமயத்தில் வருவதால் ஊருக்குப் போக வசதிதான். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அலுவலகங்கள் திறந்திருக்கும் நாட்கள் குறைவு, திறந்திருக்கும் நாளில் கூட்டமும் அதிகம். மார்ச் மாதத்திலேயே இமிக்ரேஷன் வேலைகளை முடித்துவிடுவது நல்லது. தீபாவளிக்குப் போகிறவர்கள் அக்டோபர் 13, 23 இரண்டும் அரசு விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

ரீ-என்ட்ரி பெர்மிட் எனக்குத் தேவையா?

ரீ-என்ட்ரி பெர்மிட் என்பது, வெளியே போய்த் திரும்பினாலும் இங்கே தங்கும் அனுமதி அழியாமல் காக்க முன்கூட்டியே வாங்கும் அனுமதி. ஒற்றை நுழைவு நான்-இமிக்ரன்ட் விசாவில் வந்து, அதன்பின் இமிக்ரேஷனில் ஒரு வருட நீட்டிப்பு வாங்கி இருப்பவர் என்றால் கட்டாயம் தேவை. வேலை, குடும்பச் சார்பு, படிப்பு, ஓய்வுக்காலம் எதுவானாலும் இதே விதிதான். நீட்டிப்பு என்பது நாட்டுக்குள் தங்க மட்டும் கிடைத்த அனுமதி. பெர்மிட் இல்லாமல் வெளியேறினால், அதில் எட்டு மாதம் மிச்சமிருந்தாலும் அந்த நொடியே அது செத்துவிடும். பலர் வேலை அனுமதி கையில் இருப்பதால் போதும் என்று நினைக்கிறார்கள். அது வேலை செய்ய உரிமை தரும், நாட்டுக்குள் நுழைய உரிமை தராது.

பலமுறை நுழைவு விசா இன்னும் உயிரோடு இருந்து அந்தத் தேதிக்குள் திரும்பினால் பெர்மிட் வேண்டாம். ஐந்து வருட டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து) விசாக்காரர்களுக்கும், நீண்டகாலத் தங்கும் எல்.டி.ஆர். விசாக்காரர்களுக்கும் வேண்டாம். பலமுறை நுழைவு விசாவில் வந்து பிறகு நீட்டிப்பு வாங்கியவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்: பழைய விசாப் பக்கத்தில் அது பலமுறை என்று போட்டிருக்கும், ஆனால் அந்த விசாவின் காலம் முடிந்துபோயிருக்கும். இப்போது உங்களைத் தாங்குவது நீட்டிப்பு முத்திரை மட்டும். ஆகவே பெர்மிட் தேவை.

எங்கே வாங்குவது, என்னென்ன எடுத்துப் போவது, என்ன செலவு?

ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். கணக்கு எளிது: அந்த நீட்டிப்புக் காலத்துக்குள் நான்கு முறை அல்லது அதற்கு மேல் வெளியே போவீர்கள் என்றால் பலமுறை லாபம். ஊரில் வயதான பெற்றோர் இருந்து திடீரென்று ஓட வேண்டிய நிலை இருந்தால் இரண்டு பயணத்துக்கே பலமுறை பெர்மிட் எடுத்து வைப்பது எங்கள் கருத்து. நள்ளிரவில் போன் வந்து விடியற்காலை விமானம் பிடிக்கும்போது அந்த 3,800 பாட் பெரிதாகத் தெரியாது.

எடுத்துப் போக வேண்டியவை: நிரப்பிய டி.எம். 8 படிவம், ஒரு 4க்கு 6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட், அதன் புகைப்படப் பக்கம், கடைசியாக நுழைந்த முத்திரை, நீட்டிப்பு முத்திரை ஆகியவற்றின் நகல்கள் (ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள்), ரொக்கப் பணம். பாங்காக்கில் சேங் வத்தனா அரசு வளாகத்தின் பி கட்டிடம். மற்ற மாகாணங்களில் அந்தந்த இமிக்ரேஷன் அலுவலகம். காலை முதல் டோக்கன்களில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மதிய இடைவேளைக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தால் அரை நாள் போய்விடும்.

சுவர்ணபூமி, தோன் மூவாங் போன்ற பெரிய விமான நிலையங்களிலும் புறப்படும் நாளிலேயே வாங்கலாம். போர்டிங் பாஸ் கையில் இருக்க வேண்டும். படம், நகல் எடுத்துத் தருவதற்குச் சிறு தொகை கூடுதலாக வாங்குவார்கள். முக்கிய நிபந்தனை, புறப்பாட்டு முத்திரை விழுவதற்கு முன் வாங்கிவிட வேண்டும். இ-பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வரிசை குறைவாக இருக்கிறதே என்று நேரே தானியங்கி வாசலில் நுழைந்துவிடாதீர்கள். முதலில் அங்கே நிற்கும் ஊழியரிடம் "ரீ-என்ட்ரி" என்று சொல்லிக் கேளுங்கள், மேசையைக் காட்டுவார். இந்த வழியில் வாங்குவதானால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். சொங்க்ரான் வாரத்தில் இதை நம்பி இருக்கவே வேண்டாம்.

எடுக்க மறந்து விமானம் ஏறிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வெளியிலிருந்து ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வழி இல்லை. நீட்டிப்பு போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டு, ஊரில் இறங்கிய அன்றே கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குச் சொல்லுங்கள். புதிய நான்-இமிக்ரன்ட் விசாவுக்கு அவர்கள் தரும் கடிதங்கள் தேவைப்படும். வேலை அனுமதியையும் அந்தப் புதிய விசாவோடு சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். திரும்பிப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சுற்றுலாப் பயணியாக நுழைந்து மறுநாள் வேலைக்குப் போய் உட்காருவதுதான் இதில் மிக ஆபத்தான வழி. ஒரு வாரம் தாமதமாகத் திரும்பினாலும் சரியான விசாவோடு திரும்புங்கள்.

ஊரில் இருக்கும்போதே நீட்டிப்புக் காலம் முடிகிறது. பெர்மிட் இருந்தால் போதுமா?

போதாது. பெர்மிட்டின் ஆயுள் நீட்டிப்பின் கடைசி நாள் வரைதான். அதற்கு மறுநாள் வந்து இறங்கினாலும் பயனில்லை. நீட்டிப்புக்கு காலாவதிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,900 பாட். அதை முடித்து, புதிய தேதிக்குப் பெர்மிட் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

விண்ணப்பித்த பின் "பரிசீலனையில்" என்ற தற்காலிக முத்திரையோடு இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். அந்த முத்திரையில் உள்ள நாளுக்குள் திரும்பி வந்து முடிவைப் பெற வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்வருவது வேறு, மூன்று வார விடுமுறை வேறு. கூடுமானால் இறுதி முத்திரை விழுந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

90 நாள் அறிக்கை நான் ஊரில் இருக்கும்போது வருகிறது.

ஒன்றும் செய்ய வேண்டாம். நாட்டை விட்டு வெளியேறியதும் பழைய கணக்கு அழிந்துவிடும். திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். நீங்கள் கிளம்பும் முன்பே அந்த நாள் வந்தால் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரில் என்றால் குறித்த நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை டி.எம். 47 படிவத்தைக் கொடுக்கலாம். தாமதத்துக்கு அபராதம் 2,000 பாட். பாஸ்போர்ட் மாற்றியவர்கள் முதல் அறிக்கையை நேரில்தான் கொடுக்க வேண்டும், இணையத்தில் ஏற்காது.

மனைவியும் பிள்ளைகளும் முன்னால் போகிறார்கள், நான் பின்னால் போகிறேன். பெர்மிட் ஒன்று போதுமா?

ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியே வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. நால்வர் என்றால் நான்கு படிவம், நான்கு படம், 4,000 பாட். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: குடும்பத்தின் விசா உங்கள் விசாவில் தொங்குகிறது. அவர்கள் எல்லாரும் சரியாக எடுத்துப் போய், நீங்கள் மட்டும் எடுக்காமல் வெளியேறினால், அவர்களுடைய நீட்டிப்பின் அடிப்படையும் ஆட்டம் காணும்.

புதிய பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். பழையதில்தான் விசா இருக்கிறது.

பயணத்துக்கு முன் இமிக்ரேஷனில் முத்திரைகளைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பாஸ்போர்ட்டும், புதியது வழங்கப்பட்டதற்கான தூதரகக் கடிதமும் கேட்பார்கள். அதன் பிறகு வங்கிக்குப் போங்கள். பாஸ்போர்ட் எண் பழையதாகவே இருந்தால் காலாவதி நாளுக்குப் பின் கணக்கை முடக்கிவைக்கும் வங்கிகள் உண்டு. அதைச் சரிசெய்ய நேரில்தான் வரச்சொல்வார்கள், சென்னையிலிருந்து போனில் பேசி முடியாது. வேலை அனுமதியிலும் எண்ணை மாற்றச் சொல்லிக் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

தாய்லாந்தில் பிறந்த குழந்தையை முதல்முறையாக ஊருக்குக் கூட்டிப்போகிறோம்.

மூன்று மாதம் ஒதுக்குங்கள். பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாகத் தற்காலிக விசாவில் இருந்தால் இங்கே பிறந்ததால் மட்டும் தாய்லாந்துக் குடியுரிமை கிடைக்காது. வரிசை இப்படி: மாவட்ட அலுவலகம் தரும் பிறப்புச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், இந்தியத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, குழந்தையின் பாஸ்போர்ட், இமிக்ரேஷனில் குழந்தையின் தங்கும் அனுமதி, கடைசியில் ரீ-என்ட்ரி. தூதரகப் பதிவை ஒரு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். பாட்டி தாத்தா பார்க்கத் துடிப்பார்கள் என்று முதலில் டிக்கெட் போட்டுவிட்டு இந்த வரிசையில் நுழைந்தால் நடுவில் ஒரு எழுத்துப்பிழை போதும், எல்லாம் நின்றுவிடும். தாய்லாந்து மொழி எழுத்திலிருந்து பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது தந்தை பெயரும் தாயார் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வருகிறதா என்று மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

திரும்பும்போது சென்னையில் நிறுத்தி விசாரிப்பார்கள் என்கிறார்களே?

இரண்டு காரணம். இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காததால் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வேலைக்குப் போகும்போது அந்த அனுமதியைக் கேட்பார்கள். மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டால் அந்தக் குறிப்பை நீக்க விண்ணப்பிக்கலாம். தகுதி வந்தவுடன் நீக்கிவிடுங்கள், ஒவ்வொரு பயணத்திலும் நிம்மதி.

இன்னொன்று, பாங்காக் வேலை என்று ஆசைகாட்டி இளைஞர்களை மியான்மர் எல்லையில் மியாவாடி பக்கம் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த சம்பவங்கள். அதன் பிறகு தனியாகப் போகும் இளைஞர்களைக் குடியேற்ற அதிகாரிகள் கூர்ந்து கேட்கிறார்கள். கேட்பது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். வேலை அனுமதி, ரீ-என்ட்ரி முத்திரைப் பக்கம், கம்பெனிக் கடிதம் மூன்றையும் கைப்பையில் தாளாகவே வையுங்கள்.

தங்கம் எவ்வளவு கொண்டுபோகலாம்?

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் இந்தியப் பயணிக்கு வரியில்லாமல் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். இது நகைக்கு மட்டும். கட்டி, பிஸ்கட், காசு இந்தச் சலுகையில் வராது.

இங்கே கடைக்காரர் கிராமில் பேசமாட்டார், பாட் எடையில் பேசுவார். அதில்தான் கணக்குத் தவறுகிறது. நகையில் ஒரு பாட் 15.16 கிராம், கட்டியாக இருந்தால் 15.244 கிராம். கால் பாட்டுக்கு சலுங் என்று பெயர், 3.79 கிராம். ஆக ஆண் ஒரு பாட் ஒரு சலுங் வரை வாங்கலாம், அது 18.95 கிராம். இன்னொரு சலுங் சேர்த்தால் 22.74 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். பெண்ணுக்கு இரண்டு பாட் இரண்டு சலுங், அதாவது 37.90 கிராம், மூன்றாவது சலுங் போட்டால் 41.69. கழுத்தில் போட்டுப் போகும் சங்கிலியோடு வளையலும் மோதிரமும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள் என்பதால் ஊரிலிருந்து போட்டு வந்த நகையையும் கணக்கில் சேருங்கள். தாலிக்கொடியும் பெரிய நகைகளும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவை என்றால், அடுத்தமுறை ஊரிலிருந்து கிளம்பும்போது சென்னைச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது பேசும்.

தாய்லாந்துத் தங்கம் 96.5 சதவீதத் தூய்மை. நம் 22 காரட் 91.6. நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், கொக்கி சீக்கிரம் வளையும். தினசரி போட்டுக்கொள்ளும் சங்கிலிக்குக் கொக்கியை அழுத்தமாகச் செய்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பாங்காக்கின் சீனர் பகுதியான யாவோராத்தின் கடைகள் தரும் உத்தரவாதச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எடை, தூய்மை, விலை மூன்றும் அதில் இருக்கும், சுங்கத்திலும் அதைத்தான் கேட்பார்கள். வரம்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரியைக் கட்டுங்கள். பச்சை வழியில் பிடிபட்டால் நகையும் போகும், அபராதமும் வரும்.

ரொக்கமாக எவ்வளவு எடுத்துப் போகலாம்?

பாட் நோட்டாக இந்தியாவுக்கு ஒருவர் 50,000 வரை அனுமதியில்லாமல் கொண்டுபோகலாம். இந்தியாவில் இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பையோ, நோட்டும் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரையோ தாண்டினால் அறிவிக்க வேண்டும். நடைமுறையில் பாட்டைச் சுமந்துபோய் ஊரில் மாற்றுவது லாபமில்லை. முழுப்பணத்தையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டு, டாக்ஸிக்கும் முதல் நாள் செலவுக்கும் மட்டும் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்ப வாங்கலாமா?

இல்லை. அது சுற்றுலா வருபவர்களுக்கான சலுகை. இங்கேயே குடியிருப்பவர்களுக்குக் கிடையாது.

உணவுப் பொருட்களில் எதை எடுக்கலாம், எப்படிக் கட்டுவது?

உலர்ந்த மாம்பழம், புளி மிட்டாய், தேங்காய் பிஸ்கட், வறுத்த முந்திரி, தைலம், மூக்கில் உறிஞ்சும் குப்பி எல்லாம் சிக்கலில்லை. புதிய பழம், செடி, விதை, ஆர்க்கிட் தொட்டி வேண்டாம். இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் விதி தடுக்கும். துரியனை விமானத்துக்குள் விடமாட்டார்கள்.

தொம் யம் விழுது, மிளகாய் விழுது, மீன் சாஸ் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேலுள்ள குப்பி கைப்பையில் போனால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். பெரிய பெட்டியில் வைக்கும்போது மூடியைத் திறந்து வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் மேல் திருகி மூடுங்கள். வெளியே டேப் சுற்றி, இரண்டு ஜிப் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே நிறுத்தி வையுங்கள். டேப் மட்டும் சுற்றினால் சரக்கறையின் அழுத்த மாற்றத்தில் மூடியின் இடுக்கு வழியே எண்ணெய் கசியும். இறால் விழுதுக்கு மூன்றாவது பை போட்டாலும் வாசனை வரும், கல்யாணப் புடவை இருக்கும் பெட்டியில் அதை வைக்காதீர்கள்.

சைவ வீட்டுக்கு வாங்குபவர்கள் கவனியுங்கள். காய்கறிப் படம் போட்ட சிப்ஸிலும் கடற்பாசித் தின்பண்டத்திலும் நூடுல்ஸிலும் இறால் தூளோ சிப்பிச் சாறோ இருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "ஜே" முத்திரை உள்ளதை வாங்கினால் அசைவம் இல்லை, பூண்டு வெங்காயமும் இருக்காது. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஹலால் முத்திரை. ஜெலட்டின் மிட்டாய்களில் அதை அவசியம் பாருங்கள்.

மது ஒருவருக்கு 2 லிட்டர் வரை இந்தியாவில் வரியில்லை. இ-சிகரெட் இரண்டு நாட்டிலும் தடை, பெட்டியில் வைக்கவே கூடாது. பெரிய புத்தர் சிலைகளுக்கு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

தெரிந்தவர் ஒரு சின்ன பார்சல் கொடுக்கிறார். ஊரில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வாராம்.

வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் ஹைட்ரோபோனிக் கஞ்சாவும், ஆமை, உடும்பு, பல்லி போன்ற உயிரினங்களும் சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. பிடிபடுவது பெட்டியைச் சுமந்தவர். பிஸ்கட் டப்பாவாக இருந்தாலும், மூடி சீல் வைத்ததாக இருந்தாலும், கோயிலில் தினமும் பார்க்கும் மனிதராக இருந்தாலும் பதில் ஒன்றுதான். மறுக்கச் சங்கடமாக இருந்தால், "எடை முடிந்துவிட்டது அண்ணா, கூரியரில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே கடையில் வாங்கக் கிடைத்தது என்பதால் கஞ்சா கலந்த மிட்டாய், குக்கீ, எண்ணெய், தேநீர் எதையும் நினைவுப்பொருளாகக் கூட எடுக்க வேண்டாம். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் கடுமையான தண்டனை உண்டு. நண்பர் தந்த பிறந்தநாள் பரிசுப் பெட்டியில் அந்த ஏழு இலை படம் போட்ட பொட்டலம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-மணி. அளவு எழுத்து அழிந்துபோன பழையதை விட்டுவிடுங்கள். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதைத் தாய் ஏர்வேஸ் 2025 மார்ச் முதல் தடைசெய்திருக்கிறது, வேறு நிறுவனங்களும் தடுக்கின்றன. வீட்டிலேயே போனை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

தாய்லாந்து சிம்மும் வங்கிச் செயலியும் ஊரில் வேலை செய்யுமா?

ப்ரீபெய்ட் என்றால் மிச்சப் பணம் எவ்வளவு என்று பார்க்காமல் எத்தனை நாள் செல்லுபடி என்று பாருங்கள். 300 பாட் இருந்தும் நாள் முடிந்து சிம் செத்துப்போனவர்கள் உண்டு. திரும்பும் நாளுக்குப் பின் ஒரு மாதம் தாண்டும்படி நாட்களை நீட்டிவிடுங்கள். ரோமிங்கைக் கிளம்பும் முன் இங்கிருந்தே இயக்குங்கள், டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். குறுஞ்செய்தி வந்தால் போதும்.

ஊருக்குப் போய்ப் புதுப் போன் வாங்கி அதில் தாய்லாந்து வங்கிச் செயலியை நிறுவ முயல்வது பெரிய தலைவலி. பதிவுக்கு அந்த சிம்மின் இணைப்பையே கேட்கும் வங்கிகள் இருக்கின்றன. பழைய போனை அழிக்காமல் வைத்திருங்கள். ஒரே முறையில் 50,000 பாட் அதற்கு மேல் அனுப்ப முகத்தை ஸ்கேன் செய்யச் சொல்லும். முகப் பதிவு செய்யாதவர்கள் இங்கே இருக்கும்போதே வங்கிக் கிளையில் செய்துகொள்ளுங்கள். இந்திய சிம்மையும் இதேபோல் உயிரோடு வைத்திருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் போய்விடலாம், எண் போனால் இந்திய வங்கியின் ஓ.டி.பி.யும் போகும்.

மூன்று வாரம் வீடு பூட்டியிருக்கும். என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

காண்டோ வீடுகளில் அதிகம் மறப்பது குளியலறைத் தரையின் வடிகால். அதன் வளைவில் நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. ஏப்ரல் வெயிலில் அது இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். கிளம்பும் அன்று ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சிங்க்குக்கும், அடிக்கடி பயன்படுத்தாத பால்கனி வடிகாலுக்கும் இதே வைத்தியம். மழைக்காலம் என்றால் பால்கனி வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைத்தால் தண்ணீர் கதவிடுக்கில் உள்ளே வரும்.

சலவை இயந்திரத்தின் குழாயை மூடுங்கள். வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரை இறக்குங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். மூடிவைத்தால் தோல் பெல்ட்டிலும் பட்டுப் புடவையிலும் பூஞ்சை பிடிக்கும். அரிசி, பருப்பு, ரவையை ஃப்ரிட்ஜில் வைத்தால் வண்டு வராது, அதனால் ஃப்ரிட்ஜை ஓடவிடுங்கள். பால், காய், சமைத்தது மட்டும் காலி செய்யுங்கள். மின் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் வங்கியில் தானாகக் கழியும்படி செய்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் ஒரு நண்பரிடம் சொல்லுங்கள், பில்லில் உள்ள பார்கோடைப் படம் எடுத்து அனுப்பினால் செவன் இலெவனில் கட்டிவிடுவார். காண்டோ அலுவலகத்தில் உங்கள் ஊர் எண்ணையும் பாங்காக்கில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வண்டி வரி, வருமான வரி?

வண்டியின் ஆண்டு வரியும் கட்டாயக் காப்பீடும் முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். சம்பளக்காரர்கள் பி.என்.டி. 91 கணக்கை மார்ச் 31க்குள் தாளிலோ, ஏப்ரல் 8க்குள் இணையத்திலோ கொடுக்க வேண்டும். சித்திரைக்குக் கிளம்புபவர்கள் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

சொங்க்ரான் அன்று விமானம். விமான நிலையம் போவது எப்படி?

சீலோம் பக்கம் குடியிருப்பவர்களும் மாரியம்மன் கோயில் பக்கம் இருப்பவர்களும் அன்று வாசலுக்கு டாக்ஸி வரும் என்று நம்ப வேண்டாம். சாலையே தண்ணீர் விளையாட்டுக் களமாகிவிடும். பெட்டியோடு ரயிலுக்குப் போய், பயா தாய் நிலையத்தில் மாறி சுவர்ணபூமி ரயிலைப் பிடியுங்கள். கட்டணம் 45 பாட், அரை மணி நேரம். தோன் மூவாங்குக்கு பாங் சூவில் உள்ள குருங் தேப் அபிவத் மத்திய நிலையத்திலிருந்து சிவப்புத் தடம் போகிறது. பாஸ்போர்ட்டை நீர் புகாத பையில் போட்டு, அதையும் உள்பையில் வையுங்கள். யார் மீதும் தண்ணீர் ஊற்றுவது அன்று மரியாதையான வாழ்த்து, பெட்டி வைத்திருப்பவர் என்று பார்க்கமாட்டார்கள். மை கலங்கிய ரீ-என்ட்ரி முத்திரை உங்களுக்குத்தான் தொல்லை.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று இரண்டுமுறை பாருங்கள். தவறாகப் போய் இறங்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஊரிலிருந்து திரும்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பெட்டியில் மருந்துகள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் ஆகியவற்றுக்குத் தாய்லாந்தில் கட்டுப்பாடு கடுமை. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்ததை நமக்கும் ஆகும் என்று எடுத்து வராதீர்கள். மருத்துவர் எழுதியது உங்கள் பெயரில் இருந்தாலும் முன்கூட்டியே தாய்லாந்து உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படலாம். சாதாரண சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு அசல் அட்டையிலேயே வையுங்கள். கறிவேப்பிலைக் கொத்து, வாழைக்கன்று, இறைச்சி எதுவும் வேண்டாம்.

வந்து இறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவருக்கும் இது கட்டாயம், பத்து வருடமாக இங்கே இருப்பவருக்கும் சேர்த்து. இமிக்ரேஷனின் சொந்தத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விசா எண் கேட்கும் இடத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட் எண்ணைக் கொடுங்கள்.

வந்திறங்கியதும் முத்திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

அதிகாரியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போதே ரீ-என்ட்ரி பக்கத்தைத் திறந்து, விரலால் காட்டி, "ரீ-என்ட்ரி" என்று சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அவர் புகைப்படப் பக்கத்தை மட்டும் பார்த்து, சுற்றுலாப் பயணி என்று நினைத்து முத்திரை போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே நின்று பாருங்கள்: "அனுமதிக்கப்பட்ட கடைசி நாள்" உங்கள் பழைய நீட்டிப்பின் கடைசி நாளாக இருக்க வேண்டும். வேறு தேதி இருந்தால் அங்கேயே மரியாதையாகச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மீண்டும் விமான நிலையத்துக்கோ சேங் வத்தனாவுக்கோ அலைய வேண்டும். பார்க்காமலே விட்டால், அந்தத் தவறான நாள் கடந்தபின் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் அதிகத் தங்கல் அபராதம் ஏறத் தொடங்கும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குடும்பமாக வரும்போது அப்பாவுக்குச் சரியாகவும் குழந்தைக்குத் தவறாகவும் விழுவது நடக்கிறது.

திரும்பியதும் டி.எம். 30 (வெளிநாட்டவர் தங்கும் இடத்தை வீட்டு உரிமையாளர் இமிக்ரேஷனில் பதிவது) மறுபடி கொடுக்க வேண்டுமா?

வீட்டு உரிமையாளர் உங்களை முன்பே பதிவு செய்திருந்து, ரீ-என்ட்ரியோடு அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபதிவு வேண்டாம் என்று 2020இல் விதி தளர்ந்தது. ஆனால் சில மாகாண அலுவலகங்களில் நீட்டிப்பு வேலைக்குப் போகும்போது புதிய பதிவையே கேட்கிறார்கள். உரிமையாளரிடம் லைன் செயலியில் புதிய நுழைவு முத்திரையின் படத்தை அனுப்பி, இணையத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை. வீடு மாறியிருந்தால் இதில் சலுகை எதுவும் இல்லை, 24 மணி நேரத்துக்குள் பதிவாக வேண்டும். பதிவு ரசீதைப் பாஸ்போர்ட்டில் செருகி வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து 90ஆம் நாள் எது என்று எண்ணி, அதற்குப் பத்து நாள் முன்பாகப் போனில் நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்.